பெயரைக் கெடுக்காதீர்!

"எழுத்துப் பிழைதானே! பொருள் விளங்கிற்றல்லவா? பிறகென்ன குறை?"

நாடகத் துறையிலே ஈடுபட்டுள்ள தோழர்கள் பலரிடமிருந்து நாம் பன்முறை கேட்ட பதில் இது. மேடைக்கு வேண்டியது குரல். எழுத்து அச்சகத்தார் கவலை என்று அவர்கள் எண்ணுகிறார்கள். சுவரொட்டியிலே ஒரு விதமாகவும், அழைப்பிதழிலே வேறு விதமாகவும், நடிகர் கையிலுள்ள நோட்டிலே இன்னொரு விதமாகவும் ஒரே பாத்திரத்தின் பெயர் காட்சி தரும். கேட்டால் சிரிப்பார்கள்.

நம் இயக்கத்தார் மேடையே இதற்கு விலக்கல்ல. நடிகவேள் ஊர் ஊராக நடித்து, 1954ஆம் ஆண்டு திரைப்படமாகவும் வந்து, வைதிகர் வயிற்றிலே புளி கரைத்த அந்த நாடகத்தின் பெயர் என்ன? 'ரத்தக்கண்ணீர்' என்று எழுதுகிறார் ஒருவர். ரகரம் சொல்லுக்கு முதலில் வாராது என்ற இலக்கணம் அறிந்தவர் 'இரத்தக்கண்ணீர்' என்கிறார். மூன்றாமவர் 'ரத்தக் கண்ணீர்' என்று இடைவெளி விடுகிறார். நடித்தவர் ராதா, அன்றி இராதா. எழுதியவர் திருவாரூர் தங்கராசு, அன்றித் தங்கராஜ். அண்ணாவின் நாடகம் ஒன்றிலே மராட்டிய மன்னனாக நடித்துத்தான் வி. சி. கணேசன், சிவாஜி கணேசன் ஆனார். அந்த நாடகத்தின் பெயரைக் கேளுங்கள்: 'சிவாஜி கண்ட இந்து ராஜ்யம்' என்பார் சிலர்; 'சாம்ராஜ்யம்' என்று நீட்டுவார் வேறு சிலர்; 'சந்திரமோகன்' என்று முடிப்பார் இன்னும் சிலர்.

இதனால் நமக்கு நட்டமில்லை என்பது உண்மை. நாம் கதையை அறிவோம், ஆளை அறிவோம், எப்படி எழுதினாலும் கண் தானாகவே திருத்திப் படித்துக்கொள்ளும். திருத்திப் படிக்கத் தெரியாதவர் நிலை என்ன? எழுத்தை எழுத்தாகவே நம்பிப் படிப்பவர், தலைமுறை தலைமுறையாக எழுத்தே மறுக்கப்பட்டு இப்போதுதான் அதைக் கைக்கொண்டவர் என்ன ஆவார்? இந்தக் கேள்வியை நம் முன் நிறுத்தியது கொல்லிமலை.

நாமக்கல் மாவட்டத்திலே, காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் அந்த மலை. மிளகும் காப்பியும் பலாவும் அன்னாசியும் விளையும் பூமி. மேலே 14 ஊராட்சிகள். ஒவ்வொன்றுக்கும் 'நாடு' என்றே பெயர்: வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு, குண்டூர் நாடு, தேவனூர் நாடு என்று வரிசை நீளும். (ஆங்கில எழுத்திலே போட்டால், வாழவந்தியின் ழகரமும் வளப்பூரின் ளகரமும் ஒன்றாகிவிடுகின்றன; நம் தலைநகரத்து அலுவலருக்கு இரண்டும் ஒரே ஓசை.) அங்கு வாழ்வோரிற் பெரும்பாலோர் மலையாளி எனப்படும் பழங்குடியினர். பெயரைக் கேட்ட மாத்திரத்தில் இவர்களைக் கேரளத்தார் என்று எண்ணிவிடும் அறிவாளிகள் சமவெளியிலே உண்டு. தமிழே தாய்மொழியான மக்கள் இவர்கள். ஒரு பெயரைப் பிறர் தவறாகப் படித்தால் என்ன நேரும் என்பதை இவர்களுக்கு எவரும் பாடம் நடத்த வேண்டியதில்லை.

அம்மலையின் நாடுகளுள் ஒன்றிலே படிப்பகம் நடத்தும் இளைஞர்கள், ஊர் விழாவில் ஆண்டுதோறும் நடக்கும் புராணக் கூத்துக்கு மாற்றாக, வல்வில் ஓரி நாடகம் போட முடிவு செய்தார்கள். தக்க முடிவு. கொல்லியை ஆண்ட குறுநில மன்னன். கடையெழு வள்ளல்களில் ஒருவன். செம்மேட்டிலே சிலையாய் நிற்பவன். ஆடி மாதத்திலே அரசே அவன் பெயரால் விழா எடுக்கிறது. தம் மண்ணின் மன்னன் இருக்க, வடநாட்டுச் சூதாட்டக் கதை எதற்கு என்று அந்த இளைஞர்கள் கேட்டதிலே நமக்கு மட்டற்ற மகிழ்ச்சி. ஒத்திகைக்கு வந்து உதவும்படி அழைத்தனர், சென்றோம்.

நாடக ஏடு, ஏடு என்று சொல்லத்தக்கதன்று. மூன்று நோட்டுப் புத்தகங்கள். எவரோ எப்போதோ எழுதியதை எவரெவரோ படியெடுத்திருந்தார்கள். முதல் காட்சியிலே நாயகன் 'ஓரி'. இரண்டாம் காட்சியிலே நெடில் குறிலாகி 'ஒரி'. அதன் பின் 'வல்வில் ஓரி', 'வல்விலோரி', 'வல்வில்லோரி' என்று ஒரே பக்கத்திலே மூன்று உருவம். அவன் குதிரைக்கும் ஓரி என்பதே பெயர் என்று சிறுபாணாற்றுப்படை சொல்கிறது. நல்ல வேளையாக நாடகாசிரியர் அதுவரை போகவில்லை.

ஓரியாக நடிக்கும் இளைஞர், தம் குடும்பத்திலே பள்ளிக்கூடம் சென்ற முதல் ஆள். குரல் கணீரென்றிருந்தது. நினைவாற்றலோ வியப்பூட்டுவது. பாடம் கேட்டுக்கொண்டிருந்தவர் நோட்டைப் புரட்டிவிட்டு, "அய்யா, இந்த வல்விலோரியா யார் நடிக்கிறாங்க?" என்றார். உடனிருந்த சிலர் நகைத்தனர். நாம் நகைக்கவில்லை. ஓரி ஒருவன், வல்விலோரி மற்றொருவன். அண்ணனோ தம்பியோ என்று அவர் எண்ணியிருந்தார். எழுத்து அப்படித்தானே சொல்லிற்று! நோட்டைத் தயாரித்தவர் செய்த குளறுபடிக்கு, படித்தவர் தலைகுனிந்து நின்றார். இதைத்தான் நாம் குறை என்கிறோம்.

அடுத்தது இன்னும் வேடிக்கை. ஓரியைப் போரில் கொன்று, கொல்லியைச் சேரனுக்குக் கொடுத்தவன் மலையமான் திருமுடிக்காரி. கல்லாடனாரின் அகநானூற்றுப் பாடல் சான்று. 'திருமுடிக் காரி' என்று பிரித்து எழுதினால் எவர்க்கும் விளங்கும். நமது நோட்டிலே, படியெடுத்தவர் 'திரு' என்பதை மரியாதைச் சொல்லாக்கி, புள்ளியும் வைத்து, 'திரு. முடிகாரி' என்று தீட்டியிருந்தார். கட்டியக்காரனாக நடித்த தம்பி, மார்பை நிமிர்த்தி, "திருவாளர் முடிகாரி அவர்கள் வருகிறார்!" என்று முழங்கினார். வேலைக்காரி, வீட்டுக்காரி என்பதுபோல இவள் யார் முடிகாரி என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார். கொட்டகையே அதிர்ந்தது. மேடை ஏறியிருந்தால் ஓரியின் சாவுக்கும் மக்கள் சிரித்திருப்பார்கள்.

இவையெல்லாம் கவனக்குறைவு என்று ஒதுக்கிவிடலாம். நாமும் அப்படித்தான் ஒதுக்கியிருப்போம். ஆனால் அதே நோட்டிலே ஒரு பெயர் மட்டும் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை மாறாமல், பிசகாமல், ஒரே வடிவில் நின்றது. யார் பெயர்? நாடகாசிரியர் தம் கற்பனையால் கொல்லி அரண்மனைக்குள் நுழைத்த புரோகிதர் பெயர்! அதிலே ஷகரம் உண்டு, ஸகரம் உண்டு. எழுதக் கடினமான பெயர். படியெடுத்த மூவரும், முன்னிருந்ததைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அப்படியே வரைந்திருக்கிறார்கள். மன்னன் பெயர் நான்கைந்து விதம். வேடர்கள் பெயர் காட்சிக்கு ஒரு விதம். புரோகிதர் பெயர் மட்டும் கல்வெட்டு!

ஏன் இப்படி? மந்திரத்திலே ஓர் ஒலி பிசகினால் பாவம் வந்து சேரும் என்று நெடுங்காலமாக மக்களுக்குச் சொல்லி வைத்திருக்கிறார்கள். தமிழ்ப் பெயர் சிதைந்தால் பாவம் என்று எவரும் சொல்லவில்லை. அச்சம் எங்கே இருக்கிறதோ அங்கே கவனம். அன்பு இருக்க வேண்டிய இடத்திலே அலட்சியம். திட்டமிட்டு எவரும் செய்ததன்று, பழக்கம் செய்தது. பழக்கத்தைத்தானே நாம் கேள்வி கேட்கிறோம்?

வடசொல்லைத் தமிழிலே எடுத்தாளும்போது வடவெழுத்தை நீக்கி எடுத்தாள வேண்டும் என்பது தொல்காப்பியர் வகுத்த நெறி. கம்பன் இதைக் கடைப்பிடித்தான். அவன் பாடிய கதையை நாம் ஏற்பவர்களல்லோம். 1943இல் அண்ணா அதற்காக நடத்திய சொற்போர்களை நாடறியும். ஆயினும் லக்ஷ்மணனை இலக்குவனாக்கி, விபீஷணனை வீடணனாக்கி, ஜானகியைச் சானகியாக்கிய அவன் துணிவு, இன்று தமிழ்ப்பற்றுப் பேசும் நாடகாசிரியர் பலரிடம் இல்லை. பாவேந்தர் பாரதிதாசனின் 'இரணியன் அல்லது இணையற்ற வீரன்' 1934ஆம் ஆண்டு மேடையேறியது. 'ஹிரண்யன்' என்ற எழுத்தோடு எழுதினால் அவன் பிரகலாதன் கதையின் அரக்கன். இரணியன் என்றபோது தமிழ் வீரன். எழுத்திலேயே கட்சி தெரிந்தது. மேலைநாட்டு நாடகங்களைத் தமிழாக்கிய பம்மல் சம்பந்த முதலியாரும் ஹேம்லெட்டை அமலாதித்தன் என்றும் மேக்பெத்தை மகபதி என்றும் மாற்றினார். நமக்கு அமலாதித்தன் அவ்வளவாகப் பிடிக்கவில்லை. ஆனால் அவர் ஒன்றை முடிவு செய்துகொண்டு எழுதினார் என்பதை மறுக்க முடியாது.

"ஷேக்ஸ்பியரே தம் பெயரைப் பலவிதமாக எழுதினாரே!" என்பார் கற்ற நண்பர் ஒருவர். எழுதினார்தான். அவருடைய கையொப்பங்களாக இன்று எஞ்சியுள்ளவை 6. அவற்றில் ஒன்றேனும் இன்று நூல்களில் அச்சிடப்படும் வடிவத்தில் இல்லை. 1603ஆம் ஆண்டு வெளிவந்த ஹேம்லெட் பதிப்பிலே, நாம் பொலோனியஸ் என்று அறிந்த அமைச்சரின் பெயர் கொராம்பிஸ். வேறொரு நாடகத்தின் 1600ஆம் ஆண்டு அச்சிலே, பாத்திரத்தின் பெயர் நிற்க வேண்டிய இடத்திலே கெம்ப் என்ற நடிகரின் பெயரே ஏறிவிட்டது. ஆனால் அது ஆங்கிலேயர் தம் மொழிக்கு எழுத்து ஒழுங்கு காணாத காலம். ஜான்சனின் அகராதி வந்தது 1755இல். குழப்பத்தை அவர்கள் பெருமை என்று போற்றிப் பாதுகாக்கவில்லை. அறிஞர்கள் தலைமுறை தலைமுறையாக உட்கார்ந்து அதைச் சீர் செய்தார்கள். அவர் செய்த பிழையை மட்டும் நாம் இறக்குமதி செய்து, அதைத் திருத்த அவர் நாட்டார் பட்ட பாட்டைத் துறைமுகத்திலேயே விட்டுவிடுவதா?

இனி வேடர் பேச்சு. கொல்லி நாடகத்திலே ஓரி பேசுவது அடுக்குமொழிச் செந்தமிழ். அவனோடு காட்டிலே திரியும் வேடர் பேசுவது கொச்சை. அதுவும் ஒழுங்கான கொச்சையன்று. 'உங்க', 'ஒங்க', 'வுங்க' என்று ஒரே ஆள் ஒரே மூச்சிலே பேசுகிறான். மலைமக்களின் உண்மையான பேச்சும் அதில் இல்லை. அங்கிருந்த இளைஞர்களே சொன்னார்கள், "எங்க ஊர்ல யாரும் இப்படிப் பேசறதில்லைங்க அய்யா" என்று. சமவெளியில் உட்கார்ந்து எழுதியவர், படிக்காதவன் பேச்சென்றால் எழுத்தை எப்படி வேண்டுமானாலும் சிதைக்கலாம் என்று கருதியிருக்கிறார். சிதைவையே அவன் அடையாளமாக்கிவிட்டார்.

புறநானூற்றிலே வன்பரணர் காட்டும் ஓரி யார்? பாணர்கள் காட்டு வழியே வருகிறார்கள். ஒரு வேட்டுவனைக் காண்கிறார்கள். அவன் எய்த ஒரே அம்பு யானையை வீழ்த்தி, புலியைத் துளைத்து, மானை உருட்டி, பன்றியைச் சாய்த்து, புற்றிலிருந்த உடும்பிலே போய்த் தைக்கிறது. (புலவர் கைவண்ணம்! நம்பும்படி நாம் சொல்லவில்லை.) அவர்கள் பாடுகிறார்கள், கோ என்று மன்னனுக்குரிய சொல்லால் விளித்ததும் அவன் நாணுகிறான், இறைச்சியும் மதுவும் பொன்னும் மணியும் தருகிறான். அவனே ஓரி. வேட்டுவன் எது, வேந்தன் எது என்று பிரித்தறிய முடியாதபடி நின்றவனை, இரண்டாயிரம் ஆண்டு கழித்து நம் நாடகாசிரியர் பிரித்துவிட்டார். மன்னனுக்கு ஓர் எழுத்து, மக்களுக்கு ஓர் எழுத்து! பேச்சு வழக்கை எழுத வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. எழுதுங்கள். மலைமேல் சென்று, காதாலே கேட்டு, கேட்டதை ஒரே முறையிலே எழுதுங்கள்.

இப்படி ஒழுங்கு பேசுவதால், நாம் பழைய பண்டிதரின் பிரம்பைக் கையில் எடுத்துவிட்டதாக எவரும் கருத வேண்டாம். எழுத்து தெய்வம் என்று நாம் நம்புவதில்லை. அது கருவி, மழுங்கினால் தீட்ட வேண்டும், தேவையானால் மாற்ற வேண்டும். ஓலைச்சுவடியிலே புள்ளியிட்ட ஒகரம் குறில், புள்ளியில்லாதது நெடில். புள்ளி இடுவதையும் பெரும்பாலும் விட்டுவிட்டார்கள். 18ஆம் நூற்றாண்டிலே இத்தாலியிலிருந்து வந்த வீரமாமுனிவர் சுழி சேர்த்து 'ஓ' என்று தனி வடிவம் தந்த பின்னர்தான் ஓரி என்ற பெயர் அய்யத்துக்கு இடமின்றி நின்றது. பெரியார் 1935இல் குடி அரசு ஏட்டிலே எழுத்துச் சீர்திருத்தத்தை நடைமுறைப்படுத்தினார். எத்தனை ஏளனம், எத்தனை வசை! 1978இல் தமிழக அரசு அவற்றுள் 13 எழுத்துகளை ஏற்றது. 'கொல்லிமலை' என்று இன்று குழந்தை எழுதுகிறதே, அந்த லைகாரமே அந்த 13இல் ஒன்று. அதற்கு முன்பு அது தும்பிக்கை தூக்கி நின்ற எழுத்து. மாற்றியதால் மலை இடிந்து விழுந்துவிடவில்லை.

மாற்றுவது வேறு, மனம்போனபடி எழுதுவது வேறு. ஔவை என்ற பெயரைப் பாருங்கள். பெரியார் முறையிலே 'அவ்வை' என்று எழுதலாம். ஔவையார் வேடத்தாலே புகழ்பெற்ற டி. கே. சண்முகம் அவ்வை சண்முகம் ஆனார். சென்னையிலே அவர் பெயரால் சாலையும் உண்டு. 'ஔவை' என்று பழைய முறையிலும் எழுதலாம். இரண்டுக்கும் காரணம் சொல்ல முடியும். ஆனால் இன்று கைப்பேசியிலே தட்டுவோர் பலர், ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்து வைத்து 'ஒளவை' என்கிறார்கள். பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும். புதிதாகப் படிப்பவர் அதை எழுத்துக் கூட்டினால் 'ஒ-ள-வை' என்றுதான் வரும். அப்படித்தான் கொல்லிமலை ஒத்திகையிலே வந்தது. தகடூர் அதியமானுக்கு நெல்லிக்கனி கதை சொல்ல வந்த கிழவியை ஒருவர் 'ஒளவை' என்று மூன்றெழுத்தாக அழைத்தார்.

ஓரியாக நடித்த அந்த இளைஞரின் சொந்தப் பெயரும் இரண்டு விதமாக இருக்கிறது. பள்ளிச் சான்றிதழில் ஒரு விதம். சாதிச் சான்றிதழில் ஓரெழுத்து மாறி வேறு விதம். எழுதியவர் அரை நொடியிலே எழுதிவிட்டார். இரண்டும் ஒரே ஆள்தான் என்று மெய்ப்பிக்க, இவர் அந்த 70 வளைவுகளையும் இறங்கி ஏறிய தடவைகளைச் சொல்லும்போது குரலிலே கோபம்கூட இல்லை. அந்த ஆண்டு உதவித்தொகை வரவில்லை; படிப்பு ஓராண்டு நின்றது. எந்த அலுவலகம் என்பதை எழுத நாம் விரும்பவில்லை. ஓரியும் வல்விலோரியும் இருவர் என்று அவர் ஏன் எண்ணினார் என்பது அதைக் கேட்ட பிறகு நமக்கு இன்னும் தெளிவாயிற்று. ஓரெழுத்து மாறினால் வேறு ஆள் என்றுதானே அரசாங்கம் அவருக்குக் கற்பித்திருந்தது!

நாடகக் குழு நடத்தும் தோழர்களுக்கு நாம் சொல்வது சிறு காரியம். நோட்டின் முதல் பக்கத்தைப் பெயர்ப் பட்டியலுக்கு ஒதுக்குங்கள். பாத்திரம் ஒவ்வொன்றுக்கும் ஒரு வடிவம். ஊர்ப் பெயருக்கும் அப்படியே. 'அய்யா'வா, 'ஐயா'வா, கிரந்த எழுத்து உண்டா, இல்லையா என்பதை எழுதத் தொடங்கும் முன்பே முடிவு செய்யுங்கள். சுவரொட்டி எழுதுபவரும் அழைப்பிதழ் தட்டுபவரும் அந்தப் பக்கத்தைப் பார்த்தே எழுதட்டும். நடிக்கும் தோழர்களின் பெயரை அவர்களிடமே கேட்டு, அவர்கள் எழுதித் தருகிற வண்ணமே அச்சிடுங்கள்.

கொல்லிமலை இளைஞர்கள் அந்த மாலையே இதைச் செய்தார்கள். பட்டியலை எழுதியவர் ஓரியாக நடிப்பவரே. 'வல்வில் ஓரி' என்று பிரித்து எழுதினார். 'திருமுடிக் காரி' என்பதிலே க் என்ற எழுத்தின்மேல் புள்ளியை இருமுறை அழுத்தி வைத்தார். ஔவையைப் பற்றி நீண்ட வாதம் நடந்து, கைதூக்கிப் பார்த்ததில் 'அவ்வை' வென்றது. வேடர் பேச்சை மலைப்பேச்சாகவே மாற்றி எழுதும் பொறுப்பை இருவர் ஏற்றார்கள். புரோகிதர் பெயரை எப்படி எழுதுவது என்ற கேள்வி எழவில்லை. ஓரியைப் பாடிய பாடல்களில் அப்படி ஒருவர் இல்லை என்று கண்டு, அந்தப் பாத்திரத்தையே நீக்கிவிட்டார்கள்.